நூற்றுப்பதினெட்டாம் வால்வின் நிறம்

நின்றுகொண்டு எழுதினால் கையெழுத்து கோணும். உட்கார்ந்தே எழுதுங்கள், எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. அந்த மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறைத்தால் தாள் பறக்காது.

மென்பொருளில் என்ன கோளாறு என்று விளக்கத்தானே கூப்பிட்டீர்கள். விளக்குகிறேன். இந்த ஆலையில் அதை விளக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. மற்றவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று இந்த ஆறு வாரத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவன் ஒருவன் உண்டா? எல்லாரும் "எனக்குத் தெரியாது சார், மேலே கேளுங்க" என்றிருப்பார்கள். மேலே கேட்டால் கீழே கேட்கச் சொல்லியிருப்பார்கள்.

நான் படம் போடுகிறவன். பதினேழு வருஷமாக ஒரே மேசை, ஒரே ஜன்னல். இன்ஜினியர்கள் என்னை 'டிராயிங்' என்றுதான் கூப்பிடுவார்கள். "டிராயிங், அந்த ஷீட்டை அனுப்பு" என்பார்கள். மேசையையும் அதே குரலில்தான் நகர்த்தச் சொல்வார்கள், அதனால் நான் வருத்தப்பட்டதில்லை.

பெட்டி செய்வதற்கான அட்டை தயாராகிற இடம் இது. ஈர அட்டையைக் காயவைக்க நீராவி வேண்டும். பாய்லரிலிருந்து கிளம்புகிற நீராவி ஆலை முழுவதும் குழாய்களில் ஓடுகிறது. வழியில் இருநூற்றுப்பன்னிரண்டு வால்வுகள். எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று ஒரே தாளில் காட்டுவது என் வேலை. காலை ஆறு மணிக்கு ஷிப்ட் சூப்பர்வைசர் சுற்றிவந்து ஒவ்வொரு வால்வின் நிலையையும் கணினியில் ஒரு பட்டியலில் பதிவு செய்வார். என் படத்தில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு வடிவம் உண்டு. அந்த வடிவத்துக்குள்ளே, மேலோட்டமாகப் பார்க்கிறவன் கண்ணில் படாத இடத்தில், ஒரு ஃபார்முலா எழுதி வைத்திருந்தேன். பட்டியலைப் பார், மூடியது என்று இருந்தால் பச்சையாகு, திறந்தது என்று இருந்தால் சிவப்பாகு. அவ்வளவுதான் அது. ஏழு மணிக்கு நான் அச்சடித்தால் அன்றைய நிலவரம் தாளில் வந்துவிடும். ஃபிட்டர்கள் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள். பச்சை என்றால் அதற்கப்பால் நீராவி கிடையாது, குழாயைக் கழற்றலாம். சிவப்பு என்றால் முதலில் ஆளை அனுப்பி மூடவேண்டும்.

இன்னொரு ஃபார்முலாவும் இருந்தது. வால்வு மூடியிருந்தால் வடிவத்தின் ஓரக்கோடு விட்டுவிட்டு வரும். திறந்திருந்தால் தடித்த முழுக்கோடாக வரும். நிறம்தான் இருக்கிறதே, இது எதற்கு என்று ஒன்பது வருஷத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. அது என் மாப்பிள்ளைக்காக.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் புருஷன். செத்துப்போன ஃபிட்டர். உங்கள் அறிக்கையில் 'தொழிலாளி' என்று எழுதியிருக்கிறீர்களே, அவன்தான். நேரில் வாங்க போங்க என்றுதான் பேசுவேன், தங்கை புருஷன் அல்லவா. இங்கே அவன் என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலிருந்தே அப்படி. இதை நீங்கள் இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேரும்போது கண் பரிசோதனையில் புள்ளி புள்ளியாக ஒரு அட்டையைக் காட்டி உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்பார்கள். எந்த அட்டைக்குப் பின் எது வரும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பதினான்கு எண்கள். மனப்பாடம் செய்ய அவனுக்கு நான்கு நாள் ஆயிற்று. என் தங்கை அப்போது மாசமாக இருந்தாள், வேறு வழியில்லை. தெரிந்தால் அவனுக்கும் வேலை போகும், எனக்கும் போகும். அந்த ஓரக்கோடு இருந்தவரை நிறமே தேவைப்படாமல் ஒன்பது வருஷம் அவன் வேலை பார்த்தான். நல்ல வேலைக்காரன் என்று பெயரும் எடுத்தான்.

பிறகு பவுடர் வந்தார்.

தலைமை அலுவலகத்து ஆள். எல்லா ஆலைகளின் படங்களும் ஒரே தோற்றத்தில், பார்வைக்கு இதமாக இருக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதன் முகத்தில் எதையாவது பூசாமல் விடமாட்டார். அதனால் நாங்கள் வைத்த பெயர் பவுடர். வந்த முதல் வாரம் பாய்லர் பக்கம் போய்விட்டு வந்து, அங்கே ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்று மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் அதைக் கவனிப்பதாகச் சொன்னார். இப்படிப்பட்டவர்களுக்குக் கீழே பதினேழு வருஷம் ஃபார்முலா எழுதினால் மனுஷனுக்கு என்ன ஆகும் என்று நீங்கள் யோசித்துப் பார்க்கவேண்டும்.

கோட்டின் தடிமன், நிறம், எழுத்தின் அளவு எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி ஒரு பெயர் வைத்தால் அதுதான் ஸ்டைல். ஒரு க்ளிக்கில் படம் முழுவதும் மாறிவிடும். பவுடரின் ஸ்டைலில் கோடுகள் எல்லாம் மெல்லிய சாம்பல் நிறம். வால்வுகள் எல்லாம் இளம்பச்சை. திறந்திருக்கும் வால்வுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். ஃபார்முலாதான் இருக்கிறதே, தேவைப்பட்டால் அதுவே சிவப்பாக்கிக்கொள்ளும் என்றார். விட்டுவிட்டு வரும் ஓரக்கோட்டை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அச்சு இயந்திரம் பழுதான மாதிரி இருக்கிறதாம். நான் எடுத்துவிட்டேன். அது எதற்காக என்று அவரிடம் சொல்ல முடியாது அல்லவா.

ஸ்டைலைக் கொடுத்தார், வால்வுகள் மாறவில்லை. காரணம், என் ஃபார்முலாக்களைச் சுற்றி நான் பூட்டு போட்டிருந்தேன். அந்த மென்பொருளில் அதற்கென்று ஒரு சொல் இருக்கிறது. ஃபார்முலாவை அதற்குள் அடைத்து எழுதிவிட்டால் எந்த ஸ்டைலாலும் அதைத் தொட முடியாது. பூட்டை எடு என்றார். மெயிலில் எழுதிக் கேட்டேன், எழுதியே கொடுத்தார். அந்த மெயில் உங்களிடம் இருக்கிறது. இருநூற்றுப்பன்னிரண்டு பூட்டையும் ஒவ்வொன்றாக நானே எடுத்தேன். இரண்டு நாள் பிடித்தது.

இனி கோளாறு. ஒரே ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து ஸ்டைல் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஃபார்முலா பிழைத்துக்கொள்ளும். பல வடிவங்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் முதலில் தொட்ட வடிவத்துக்கு மட்டும் பிழைக்கும். மற்ற எல்லாவற்றிலும் மென்பொருள் ஃபார்முலாவை அழித்துவிட்டு, ஸ்டைலின் நிறத்தை அந்த இடத்தில் உட்காரவைத்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. படம் வழக்கம்போலத்தான் இருக்கும். ஆனால் அதன்பிறகு அந்த வால்வு பட்டியலைப் பார்க்காது. உலகம் அழிந்தாலும் பச்சைதான்.

இது எனக்குப் பவுடர் வருவதற்கு ஒரு வருஷம் முன்பே தெரியும். மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினேன். அது எதிர்பார்க்கப்பட்ட செயல்பாடுதான் என்று பதில் போட்டார்கள். யார் எதிர்பார்த்தார்கள் என்று போடவில்லை.

பவுடர் கூட்டம் போட்டு எல்லாரையும் உட்காரவைத்துத் திரையில் செய்து காட்டினார். மொத்த வால்வுகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தார், முதலில் ஒன்றாம் எண் வால்வைத் தொட்டு. ஸ்டைல் கொடுத்தார். பிறகு பட்டியலில் ஒன்றாம் எண்ணைத் திறந்தது என்று மாற்றினார். சிவப்பாயிற்று. மூடியது என்று மாற்றினார். பச்சையாயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள். பதினோரு பேர் இருந்தார்கள், அதில் ஆறு பேர் இன்ஜினியர்கள். இரண்டாம் எண்ணையும் மாற்றிக் காட்டுங்கள் என்று சொல்ல ஒருவனுக்கும் தோன்றவில்லை. கேட்கிறவன் கேனையனாக இருந்தால் எருமைமாடு ஏரோப்பிளேன் ஓட்டும் என்பார்கள். அன்று எங்கள் கூட்ட அறையில் அது ஓட்டிக்கொண்டிருந்தது.

மேனேஜர் என் பக்கம் திரும்பி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். மெயிலில் போட்டிருக்கிறேன் என்றேன். போட்டிருந்தேன். பதினான்கு வரி மெயில். பதினொன்றாவது வரியில், பல வடிவங்களுக்கு ஒன்றாக ஸ்டைல் கொடுத்தால் ஃபார்முலாக்கள் பாதிக்கப்படக்கூடும் என்று தெளிவாக எழுதியிருந்தேன். அதை ஏன் முதல் வரியில் எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். இந்த ஆலையில் மூன்று வரிக்கு மேல் யாரும் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். படிக்கிற பழக்கம் உள்ளவன் பதினொன்றாவது வரியையும் படிப்பான். படிக்காதவனுக்காக வரியைத் தூக்கி மேலே வைக்க நான் என்ன அவனுக்கு ஊட்டிவிடுகிற தாயா?

ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை, வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். புதிய படம் நடைமுறைக்கு வந்து முதல் பத்தொன்பது நாள் விபத்து எதுவும் நடக்காதது அதிர்ஷ்டம் என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். அதிர்ஷ்டமா? தினமும் காலை ஆறரை மணிக்குப் பட்டியலையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வால்வு பொய்ப் பச்சையாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கையால் சிவப்பாக்கி, அதன்பிறகுதான் அச்சடித்தேன். மறுநாள் மூடியிருந்தால் திரும்பவும் பச்சையாக்கினேன். பத்தொன்பது நாளும் அந்தப் படத்தில் ஒரு பிழை கிடையாது. பவுடருடைய படம் சரியாக இருந்ததற்குக் காரணம் நான். யாருக்காவது தெரியுமா? ஒருவனாவது என் மேசைக்கு வந்து, ஃபார்முலாவே இல்லாத படம் எப்படி நிறம் மாறுகிறது என்று கேட்பான் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. பவுடருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மேனேஜர் அதை நோட்டீஸ் போர்டில் குண்டூசியால் குத்தினார், அதையும் தலைகீழாக. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

மாப்பிள்ளை மட்டும் தினமும் வந்தான். ஓரக்கோடு போனபிறகு அவனுக்கு அந்தத் தாள் வெறும் தாள்தான். வேலை தொடங்குவதற்கான பெர்மிட் வாங்கப் போகிற வழியில் என் ஜன்னலுக்கு வந்து, டீ குடிக்கக் கூப்பிடுகிற சாக்கில் தாளை நீட்டுவான். அன்றைக்கு வேலை இருக்கும் வால்வின் மேல் கட்டைவிரலை வைப்பான். நான் நிறத்தைச் சொல்வேன். யாருக்கும் தெரியாமல் பத்தொன்பது நாள் இது நடந்தது. ஒன்பது வருஷம் தன் காலில் நின்றவன் ஜன்னலுக்கு வந்து நிற்கிறானே என்று எனக்கு ஆரம்பத்தில் சங்கடமாக இருந்தது. அவனுக்கு அந்தச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டுதான் வருவான்.

விடுமுறை நாள் ஒன்றில் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அந்த வாரம்தான் பவுடர் நடைபாதையில் ஒட்ட ஒரு போஸ்டர் தயாரித்திருந்தார். புதிய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ஃபிட்டர் சிரிக்கிறான். அந்த ஃபிட்டர் என் மாப்பிள்ளை. நல்ல முகவெட்டு, அதனால் தேர்ந்தெடுத்தார்களாம். தங்கை அதன் சின்னப் பிரதியைச் சுவரில் மாட்டியிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே அவன் அதைப் பார்த்தான்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. புதுப் படம் நல்லாத்தான் இருக்கு. பழசுல கோடு கோடா, ஒரே கசகசன்னு இருக்கும். இப்ப பாக்கவே நீட்டா இருக்கு."

தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தக் கோடு எவனுக்காக இருந்ததோ அவனே சொன்னான். நிறம் தெரியாதவன் நிறத்தைப் பாராட்டிப் போஸ்டரில் நிற்கிறான், அதை அவன் பெண்டாட்டி ஆணியடித்து மாட்டியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். கோபம் சமமானவர்கள் மேல் வருவது. சோறு போதுமா என்று தங்கை கேட்டாள், இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.

மறுநாள், வேலைநாள் கணக்கில், இருபதாவது நாள். ஆறரை மணிக்கு வழக்கம்போலப் பட்டியலைத் திறந்தேன். ஐந்து வால்வுகள் பொய்ப் பச்சையாக இருந்தன. அன்றைய வேலைப் பட்டியலும் பக்கத்தில் இருந்தது, யார் எந்தக் குழாயில் வேலை செய்கிறார்கள் என்று. நான்கு வால்வுகளைச் சிவப்பாக்கினேன். நூற்றுப்பதினெட்டை அப்படியே விட்டேன்.

மறந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். இவ்வளவு நேரம் நான் சொன்னதைக் கேட்டபிறகுமா? நான் எதையும் மறப்பதில்லை. நூற்றுப்பதினெட்டுக்கு அப்பால் ஒரு கேஸ்கட் மாற்றவேண்டியிருந்தது. குழாய்களின் இணைப்புக்கு நடுவே வைக்கிற வளையம் அது. அந்த வேலை மாப்பிள்ளைக்கு.

ஒரு பிழையை நிரூபிக்க ஒரு உதாரணம் போதும். ஐந்தையும் விட்டிருந்தால் ஐந்து பேர் குடும்பம். முன்பின் தெரியாதவர்களின் பாவத்தைக் கட்டிக்கொள்ள எனக்கென்ன தலையெழுத்து? இவன் என்றால் நம் வீட்டு ஆள். கையில் கொஞ்சம் சுடும், பத்து நாள் லீவு போட்டுவிட்டு உட்காருவான், வீட்டை நான் பார்த்துக்கொள்வேன். இப்படித்தான் கணக்குப் போட்டேன். இதில் எங்கே பொறுப்பில்லாமல் நடந்துகொண்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. யாரை அனுப்பலாம் என்று அவ்வளவு யோசித்தவன் இந்த ஆலையில் வேறு யார்?

மற்றது உங்களுக்குத் தெரியும். பெர்மிட் கொடுக்கிற கிளார்க் தாளைப் பார்த்தார், நூற்றுப்பதினெட்டு பச்சை, ஏற்கெனவே மூடியிருக்கிறது என்று முத்திரை குத்தினார். முன்பெல்லாம் அந்தப் படிவத்தில் பிரஷர் கேஜைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட ஒரு கட்டம் இருந்தது. படிவம் நெரிசலாக இருக்கிறது என்று பவுடர் அந்தக் கட்டத்தையும் எடுத்திருந்தார். குழாய் சுட்டிருக்கும், ஆனால் அங்கே எல்லாக் குழாயும் சுடும். பத்து இருபதுக்கு நான்காவது போல்ட்டைத் தளர்த்தினான். சத்தம் என் அறைவரை கேட்டது. அந்த நேரத்தில் குடிநீர்த் தொட்டியின் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதை முடித்துச் சேமித்துவிட்டு எழுந்துபோனேன்.

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். மூன்றாம் நாள் நீங்கள் போய் விசாரித்தீர்கள். யாரிடமும் கேட்கவில்லை, அவசரத்தில் நானாகத்தான் போனேன் என்று உங்களிடம் சொன்னான். அதை அப்படியே எழுதி, தொழிலாளியின் அலட்சியமும் ஒரு காரணம் என்று முடித்துவிட்டீர்கள். பவுடரின் ஸ்டைலை எல்லா ஆலைகளிலும் நிறுத்திவிட்டார்கள். என் பழைய படத்தைப் பூட்டோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது இன்ஜினியர்கள் என் மேசைக்கே வந்து பூட்டு எப்படிப் போடுவது என்று கேட்கிறார்கள். ஒருவர் 'சார்' என்றுகூடச் சொன்னார். பவுடரை வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அடக்கத்தன்று வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நல்ல சட்டை அன்று போட்டிருந்தேன், அது வீணாயிற்று.

தங்கைதான் ஒத்துவரவில்லை. காரியங்கள் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அழவில்லை.

"அண்ணா, உங்களக் கேக்காம அவரு ஒரு வால்வுலகூட கை வைக்க மாட்டாரே. அன்னிக்கு மட்டும் ஏன் கேக்கல?"

அவசரமாக இருந்திருக்கும் என்றேன். அவள் எழுந்துபோய் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டாள். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நான் வாங்கிக்கொண்டு போகிற சாமான்களை வாசலிலேயே விட்டுவிடுகிறாள். பாசத்தில் அறிவு மங்கிவிடுகிறது, அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அவன் உங்களிடம் சொன்னது பொய். நீங்கள் போன பிறகு நான் உள்ளே போனேன். முகத்தில் கட்டு, குரல் மட்டும்தான் வந்தது. என்னைப் பக்கத்தில் வரச்சொன்னான்.

"நான் உங்ககிட்ட கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மச்சான். ஏன் கேட்டேன்னு தோண்டுவாங்க. கண்ணு விஷயம் வெளிய வந்தா உங்க வேலையும் போயிடும். தாளே தப்பா இருந்திருக்கு, நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

பாவம் என்று என்னைச் சொன்னான். சரி, சொல்லமாட்டேன் என்றேன். சொல்லாமல்தான் இருந்தேன். பத்தொன்பது நாளை அதிர்ஷ்டம் என்று எழுதியிராவிட்டால் இன்றும் சொல்லியிருக்கமாட்டேன். என் வேலைக்கு இன்னொருவன் பெயர் வைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. இருபதாவது நாளைச் சொல்லாமல் அந்தப் பத்தொன்பது நாளைச் சொல்லவும் வழியில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அவன் கேட்டான். ஏழு பத்துக்கு ஜன்னலுக்கு வந்தான், தாளை நீட்டினான், நூற்றுப்பதினெட்டின் மேல் கட்டைவிரலை வைத்தான்.

"பச்சைதானே மச்சான்?"

நான் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பச்சைதான் மாப்பிள்ளை என்றேன். அவன் தலையாட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டுப் பக்கம் வாங்க என்று சொல்லிவிட்டுப் போனான்.

இதில் பொய் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். அவன் தாளைக் காட்டித்தான் கேட்டான். வால்வு மூடியிருக்கிறதா என்று கேட்டிருந்தால், திறந்திருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன்.